காணும் பொங்கலுக்கு நாற்பது பேர்: முன்கூட்டியே சமைத்து வைக்கும் பஃபே விருந்து

காணும் பொங்கலன்று சொந்தபந்தம் எல்லாம் ஒரே வீட்டில் கூடுவது என்று முடிவானால், அந்த வீட்டு அடுப்பங்கரை ஏற்கெனவே எவ்வளவு களைத்திருக்கும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். போகிக்கு வீடு முழுக்கச் சுத்தம், மறுநாள் பொங்கல், அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். இத்தனைக்கும் பிறகு தை 3ஆம் தேதி காலை நாற்பது பேருக்கு ஒன்றிலிருந்து ஆரம்பித்துச் சமைப்பது யாராலும் ஆகாது. வேலையை ஒரு வாரத்துக்குப் பிரித்துப் போட்டால், அன்று காலை சோறு வடித்துக் கலக்குவதும், இட்லி வேக வைப்பதும், சூடு பண்ணுவதும்தான் மிச்சம் இருக்கும். ஒருவர் பொறுப்பெடுத்து, இரண்டு பேர் கைகொடுத்தால் போதும்.

உணவுப் பட்டியல் போடும்போது "எது ருசி?" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். "மேசையில் இரண்டு மணி நேரம் இருந்த பிறகு எது இன்னும் நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். பூரி, தோசை, மெதுவடை, வெண்பொங்கல் நான்கும் இதில் தோற்றுவிடும். பூரி தொய்ந்துவிடும். மெதுவடை ரப்பராகும். வெண்பொங்கல் இறுகிப் போய்க் கரண்டியோடு மொத்தமாக எழுந்து வரும். புளிக்காய்ச்சல் மாதிரி நாள் ஆக ஆக ருசி கூடுகிற பண்டங்களும் உண்டு. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் போன வழக்கத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். பஃபேக்கும் அந்த இரண்டையுமே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லும் பட்டியல்: புளியோதரை, தயிர்சாதம், இட்லி, அதற்கு வடகறி, தயிர்வடை, உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், ஊறுகாய், இனிப்புக்குத் திருவையாற்றுப் பாசிப்பருப்பு அல்வாவான அசோகா. இதில் சூடாகவே இருந்தாக வேண்டியவை இட்லியும் வடகறியும் மட்டும். இப்படி அமைத்ததில்தான் பாதி நிம்மதி. சூடாகப் பரிமாற வேண்டிய ஐட்டம் நாலு, ஐந்து என்று ஏறினால் சேஃபிங் டிஷ் (அடித்தட்டு வெந்நீரால் சூட்டைக் காக்கும் பஃபே பாத்திரம்) வாடகையும் ஏறும், கடைசி அரைமணி நேரத்தில் அடுப்புக்கு அடிதடியும் நடக்கும். சர்க்கரைப் பொங்கலை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். மூன்றாவது நாளும் அதையே நீட்டினால் ஒருவரும் தொட மாட்டார்கள்.

தலைக் கணக்கும் அளவும்

நாற்பது பேரில் பத்து பேர் பத்து வயதுக்குக் கீழே என்றால், அந்தப் பத்தை ஐந்தாக எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தம் முப்பத்தைந்து சாப்பாடு. சோறு மட்டுமே பிரதானமான விருந்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்பது பொதுவான கணக்கு. இங்கே இட்லியும் இருப்பதால் 70 கிராம் போதும். அப்படியானால் 2.5 கிலோ: புளியோதரைக்கு 1.5, தயிர்சாதத்துக்கு 1. இட்லி ஆளுக்கு இரண்டு, சற்று கூடுதலாக எண்பது. தயிர்வடை ஐம்பது. உருளைக்கிழங்கு 3 கிலோ. அசோகா இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

ஒவ்வொரு ஐட்டத்தையும் முப்பத்தைந்து பேருக்கும் முழுதாகச் செய்வது புதிதாக விருந்து போடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. ஒன்பது ஐட்டம் இருக்கும்போது ஒருவர் தட்டில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் விழும். மேலே உள்ள அளவு அதைக் கணக்கில் எடுத்துத்தான் போட்டது. பயத்தில் கூட்டாதீர்கள்.

நாலு பேருக்கான குறிப்பைப் பத்தால் பெருக்கும்போது இன்னொரு சங்கடம் உண்டு. அரிசி, பருப்பு, காய் பத்து மடங்கு ஆகலாம். மிளகாய், கிராம்பு, பட்டை, உப்பு ஆகியவற்றை ஏழு மடங்கில் நிறுத்தி, ருசி பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். தண்ணீரையும் அப்படியே பெருக்கக் கூடாது. ஆழமான பெரிய பாத்திரத்தில் அளவுக்கேற்ற வேகத்தில் நீர் வற்றாது, குழம்பு நீர்த்துவிடும்.

பத்து நாளுக்கு முன்

சமையல் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். பண்டிகை வாரத்தில் புக் செய்துவிட்டு வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாடகைப் பாத்திரக் கடையில் சேஃபிங் டிஷ் ஒன்றும், பெரிய ஹாட்பாக்ஸ் ஒன்றும், அகலமான தாம்பாளம் இரண்டும் சொல்லி வையுங்கள். பொங்கல் வாரத்தில் கல்யாண முகூர்த்தங்களும் கிட்டே வருவதால் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகும். பாலுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: தயிர் உறைய வைக்க 5 லிட்டர், தயிர்சாதத்துக்கு 2 லிட்டர்.

அசைவம் வேண்டும் என்கிற வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு விடுமுறைப் பட்டியலில் பொங்கலுக்கு மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கு மறுநாள் உழவர் திருநாள். திருவள்ளுவர் தினத்தன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உள்ளாட்சி அமைப்புகள் அறிவிப்பது வழக்கம். "முந்தின நாள் வாங்கி மசாலா தடவி வைத்துவிடலாம்" என்ற திட்டம் இதில்தான் தட்டிப்போகும். கோழிக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, காணும் பொங்கல் விடிகாலையில் நாலரைக் கிலோ வெட்டி வைக்கச் சொல்லுங்கள். வெங்காயத் தக்காளித் தொக்கை முன்பே செய்து வைத்திருந்தால் கோழிக் குழம்பு ஒரு மணி நேர வேலை. வடகறியின் இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரிட்ஜைக் காலி பண்ண ஆரம்பிப்பதும் இந்த வாரத்தில்தான். எந்தத் தட்டில் எந்தப் பாத்திரம் என்று ஒரு தாளில் படம் போட்டுப் பாருங்கள். இடம் போதாது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு இப்போதே கேட்டு வைப்பது நல்லது. மாட்டுப் பொங்கல் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்பது நன்றாக இருக்காது.

போகிக்கு முன்: புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி

1.5 கிலோ அரிசிக்கு 200 கிராம் பழைய புளி. ஒன்றேகால் லிட்டர் வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். வறுத்துப் பொடிக்க: காய்ந்த மிளகாய் 15, மல்லி 4 மேசைக்கரண்டி, வெந்தயம் 2 தேக்கரண்டி, எள் 3 மேசைக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். வெந்தயம் கருகினால் அத்தனையும் கசந்துவிடும், பிறகு எத்தனை வெல்லம் போட்டாலும் தேறாது.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 300 மில்லி நல்லெண்ணெய் காய வைத்து, கடுகு, 75 கிராம் கடலைப் பருப்பு, 15 மிளகாய், கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் புளிக்கரைசலும் ஊற்றுங்கள். உப்பு 45 கிராம் அளவு. முக்கால் பங்கை இப்போது போட்டு, மீதியைச் சோறு கலக்கும்போது பார்த்துச் சேர்க்கலாம். முதலில் பெரிய பெரிய குமிழியாகக் கொதிக்கும். முக்கால் மணி நேரத்தில் கொதி அடங்கி, "பளக் பளக்" என்று மேலே தெறிக்க ஆரம்பித்து, ஓரம் முழுக்க எண்ணெய் பிரிந்து நிற்கும். அங்கேதான் பொடியைப் போட வேண்டும், கூடவே எலுமிச்சை அளவில் பாதி வெல்லம். இன்னும் ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். எண்ணெய் பிரியாமல் இறக்கினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், அது நாலாம் நாளே பூசணம் பிடிக்கும்.

நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் உள்ளே சொட்டும். கண்ணாடி ஜாடியோ எவர்சில்வர் டப்பாவோதான் இதற்குச் சரி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளியோடு ஒத்துப்போகாது.

வேர்க்கடலையை இதில் போடாதீர்கள். 150 கிராம் வறுத்துத் தனி டப்பாவில் வைத்து, பரிமாறும் நேரத்தில் தூவினால்தான் மொறுமொறுப்பு. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் வந்தால் அவர்களுக்கும் வழி இருக்கும்.

இட்லிப் பொடியை இன்றைக்கே இடித்துவிடுங்கள். போகி, பொங்கல் இரண்டு நாளும் விருந்துக்காக எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாட்டுப் பொங்கல் பிற்பகல்: பெரிய வேலை எல்லாம் இங்கே

இந்த நாளில் வரிசை முக்கியம். வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 2 லிட்டர்தான் கொள்ளும். இட்லிக்கும் வடைக்கும் சேர்த்து அதில் ஐந்து ஈடு ஆட்ட வேண்டியிருக்கும், ஈட்டுக்கு அரைமணி வைத்தால் இரண்டரை மணி நேரம். இட்லிக்கு 1.5 கிலோ இட்லி அரிசி, 375 கிராம் உளுந்து, ஒன்றரைத் தேக்கரண்டி வெந்தயம். காலையிலேயே ஊறப் போட்டு, பகல் இரண்டு மணிக்கு உளுந்தை ஒரே ஈடாகவும், பிறகு அரிசியை இரண்டு ஈடாகவும் ஆட்டிக் கலந்து வைத்துவிடுங்கள். தை மாதக் குளிரில் மாவு எட்டு மணி நேரத்தில் பொங்காது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதனால்தான் இரவுக்குத் தள்ளாமல் பிற்பகலிலேயே ஆட்டுவது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் குளிர் குறைவு, இரவு பத்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். அப்போதே பொங்கியிருந்தால் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். இரண்டு பாத்திரமாகப் பிரித்து, பாதி அளவுக்கே ஊற்றுங்கள். இல்லையென்றால் காலையில் மேடையைத்தான் துடைக்க வேண்டும்.

வடைக்கான உளுந்து 650 கிராம், கடைசி இரண்டு ஈடு. இது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது, ஊற ஊற எண்ணெய் குடிக்கும். ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கெட்டியாக ஆட்ட வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் துளி மாவு போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும். உப்பைச் சுடும் நேரத்தில் போடுங்கள், முன்பே போட்டால் மாவு நீர்த்துவிடும். மிதமான தீயில் ஐம்பது வடை சுட்டு, ஆறிய பின் வெறும் வடையாக டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தயிரில் இப்போதே போட்டால் காலைக்குள் புளித்து, வடை பிய்ந்துவிடும்.

கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் அடுப்பில் வடகறி வேலை. சைதாப்பேட்டை வடகறி பெயர் பெற்றது, அதன் சாரம் இவ்வளவுதான்: அரைத்த கடலைப் பருப்பு உருண்டை மசாலாவில் ஊற வேண்டும். 1 கிலோ கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, 12 மிளகாய், 2 தேக்கரண்டி சோம்பு, உப்புடன் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரிப்பதற்குப் பதில் இட்லித் தட்டில் கால் மணி நேரம் ஆவியில் வேக வைப்பதே முன்கூட்டிச் செய்வதற்கு நல்லது. ஆறியதும் கையால் பெரிய துண்டுகளாக உதிர்த்து டப்பாவில் அடைக்கலாம். பொடியாக உதிர்த்தால் நாளைக்குக் கஞ்சியாகிவிடும்.

தொக்குக்கு: 200 மில்லி எண்ணெய், பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, சோம்பு, ஒன்றரைக் கிலோ வெங்காயம், 100 கிராம் இஞ்சி பூண்டு விழுது, ஒரு கிலோ தக்காளி, 3 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், 4 மேசைக்கரண்டி மல்லித்தூள், மஞ்சள், உப்பு. வெங்காயம் பொன்னிறமாக வேண்டும், அவசரப்படாதீர்கள். ஒன்றரைக் கிலோ வெங்காயம் வதங்க அரைமணிக்குக் குறையாது. தக்காளி கரைந்து எண்ணெய் பிரிந்ததும் நிறுத்திவிடலாம். தேங்காய் இன்று கூடாது. அரைத்த தேங்காய் சேர்த்த குழம்புதான் முதலில் ஊசிப்போகும். தொக்கையும் பருப்புத் துண்டுகளையும் தனித்தனியாக ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒன்றாகச் சேர்த்தால் இரவோடு இரவாகத் துண்டுகள் எல்லாச் சாறையும் உறிஞ்சிவிடும்.

உருளைக்கிழங்கு 3 கிலோவையும் இன்றே வேக வைத்து, தோலுரித்து, துண்டு போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். குளிர்ந்த கிழங்கில் மாவுச்சத்து இறுகியிருக்கும், நாளை வறுக்கும்போது உடையாமல் முறுகும். சூடான கிழங்கை மொத்தமாக வாணலியில் கொட்டிக் கிளறினால் கிடைப்பது மசியல்தான்.

அசோகாவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். திருவையாற்றுக்காரர்கள் கோபித்துக்கொள்ளாத அளவு: பாசிப்பருப்பு 400 கிராம், கோதுமை மாவு 200, சர்க்கரை 900, நெய் 450, முந்திரி 50. பருப்பை இளஞ்சூட்டில் வறுத்து, மூன்று மடங்கு தண்ணீரில் குழைய வேக வைத்து, கட்டியில்லாமல் மசியுங்கள். நெய்யில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றிக் கோதுமை மாவைப் பச்சை வாசனை போக வறுத்து, மசித்த பருப்பைச் சேர்த்துக் கெட்டியாகும் வரை கிளறிய பின்னர்தான் சர்க்கரை. சர்க்கரை விழுந்ததும் எல்லாம் இளகித் தண்ணீராகும், பயப்பட வேண்டாம். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை, மீதி நெய்யை மூன்று தடவையாக ஊற்றி, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குங்கள். நாளை அது சற்று இறுகும், ஒரு கரண்டி நெய்யுடன் மெல்லிய தீயில் கிளறினால் பழையபடி ஆகிவிடும்.

இரவு ஒன்பது மணிக்கு 5 லிட்டர் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, பாத்திரத்தைக் கனத்த துண்டால் சுற்றி வையுங்கள். இந்தக் குளிரில் உறைய ஒன்பது பத்து மணி நேரம் ஆகலாம்.

ஆற வைப்பது

வயிற்றைக் கெடுக்கும் விருந்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டிருக்கும். பத்து லிட்டர் அண்டா நிறையச் சூடான குழம்பை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். புளியோதரை, அசோகா மாதிரி தாங்குகிறவை தவிர, எந்தப் பண்டமும் அந்த நிலையில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தொக்கை அகலமான தாம்பாளங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மிகாமல் பரப்பி, அடியில் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வைத்துக் கிளறிவிட்டால் அரைமணியில் ஆறிவிடும்.

சோற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் முந்தின இரவே வடித்து வெளியில் வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதிக்கும் சூட்டையும் தாக்குப்பிடிக்கும். வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் அன்றைய சோறு அன்றைய காலை.

காணும் பொங்கல் காலை

சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு அடுப்பு மட்டும் இருந்தால் கூடுதலாக ஒரு அடுப்போ இண்டக்ஷன் அடுப்போ இரவல் வாங்கி வையுங்கள்.

ஆறரைக்குத் தயிரைப் பார்த்து, உறைந்திருந்தால் ஃப்ரிட்ஜுக்குள். ஏழு மணிக்கு அப்பளம் பொரித்து, எண்ணெய் வடிந்து ஆறியதும் காற்றுப் புகாத டின்னில். சூடாக அடைத்தால் நமத்துவிடும்.

ஏழரைக்குத் தயிர்சாதத்துக்கு ஒரு கிலோ அரிசி, ஒன்றுக்கு நாலு தண்ணீர், குழைய. எட்டரைக்குப் புளியோதரைக்கு ஒன்றரைக் கிலோ, ஒன்றுக்கு இரண்டு. பத்து லிட்டர் குக்கரில் இது ஒரே ஈடு. ஐந்து லிட்டர் என்றால் மூன்று ஈடு, அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. வெந்த சோற்றை உடனே தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, விசிறியடியில் ஆற விடுங்கள். சூட்டோடு கிளறினால் பருக்கை உடையும். ஒன்பதரைக்குப் புளிக்காய்ச்சலில் முக்கால்வாசியைப் போட்டுப் பிசிறி, மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து ருசி பாருங்கள். சோறு புளிப்பை இழுத்துக்கொள்ளும், மீதியை அப்போது சேர்க்கலாம்.

தயிர்சாதத்துக்குக் குழைந்த சோற்றைச் சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் ஒன்றரை லிட்டர் ஊற்றுங்கள். கை சூடு ஆன பிறகுதான் அரை லிட்டர் தயிர். கொதிக்கக் கொதிக்கத் தயிர் விட்டால் திரிந்துவிடும். தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுவது, பிற்பகல் வரை புளிக்காமல் இருக்கத்தான். நேரம் ஆக ஆக இறுகும், மீதி அரை லிட்டர் பால் அதற்காகத்தான். பத்தரைக்குள் கலந்து தாளித்து, பரிமாறும் வரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மாதுளையும் திராட்சையும் மேசைக்குப் போகும்போது.

பத்து மணிக்கு உருளைக்கிழங்கு. இரண்டு அகலச் சட்டியில் பிரித்து வறுங்கள், ஒரே வாணலியில் மூன்று கிலோவைத் திணித்தால் வறுபடாமல் வேகும். பத்தரைக்கு வடைகளை உப்பிட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மெல்ல அழுத்திப் பிழிந்து, அகல ட்ரேயில் ஒற்றை வரிசையாக அடுக்கி, கடைந்த தயிர் 4 லிட்டரை ஊற்றுங்கள். உள்ளே வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தால் ஊறியது போதாது. ட்ரே நேராக ஃப்ரிட்ஜுக்கு.

பத்தே முக்காலுக்கு இட்லி. ஒரு தடவைக்கு பதினாறு இட்லி என்றால் ஐந்து ஈடு, எப்படியும் ஒன்றேகால் மணி நேரம். ஹாட்பாக்ஸில் முன்பே வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, ஈரத் துணி விரித்து அடுக்குங்கள். குளிர்ந்த ஹாட்பாக்ஸ் முதல் ஈட்டின் சூட்டைத் தானே விழுங்கிவிடும். இருபது இட்லியைப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரட்டி, குழந்தைகளுக்குத் தனியாக எடுத்து வைக்கலாம்.

பதினொன்றரைக்குத் தொக்கில் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தளதளவென்று கொதிக்க விட்டு, பருப்புத் துண்டுகளைப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். புதினா, கொத்தமல்லி. தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் கடைசியில் அரை லிட்டர். இது நிற்க நிற்கக் கெட்டியாகும், பக்கத்தில் ஒரு லிட்டர் வெந்நீர் தயாராக இருக்கட்டும். சேஃபிங் டிஷ் இருக்கிற சூட்டைக் காக்கும், ஆறிய குழம்பைக் கொதிக்க வைக்காது. அடித்தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாவதற்குள் விருந்தே முடிந்துவிடும், கொதிநீரையே ஊற்றுங்கள்.

மேசை

மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நடக்க வழி விட்டால் வரிசை பாதி நேரத்தில் நகரும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு கரண்டி. தட்டுகள் தொடக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரும் டம்ளரும் வேறு மூலையில், இல்லையென்றால் தட்டைப் பிடித்த கையோடு டம்ளரையும் பிடிக்கத் தடுமாறி வரிசை நின்றுவிடும். இட்லி, வடகறி, புளியோதரை, உருளைக்கிழங்கு, அப்பளம், தயிர்சாதம், ஊறுகாய், கடைசியில் தயிர்வடை என்று வைக்கலாம். வடகறிக்கும் தயிர்வடைக்கும் சின்னக் கிண்ணம் கொடுங்கள். அசோகா தனி மேசையில்.

இலைச் சாப்பாட்டில் அளவு பரிமாறுகிறவர் கையில் இருக்கிறது. பஃபேயில் அதைக் கரண்டிதான் தீர்மானிக்கும். புளியோதரைக்குப் பெரிய கரண்டி போட்டால் முதல் பதினைந்து பேரிலேயே பாதி போய்விடும். எண்ணிச் செய்த தயிர்வடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒருவர் நின்று எடுத்துப் போடுவது நல்லது.

சின்னச் சின்ன சீட்டில் பெயர் எழுதி வையுங்கள். பூண்டு வெங்காயம் சேர்க்காதவர்கள் இருப்பார்கள். இந்தப் பட்டியலில் அவை இருப்பது வடகறியில் மட்டும். அசோகாவில் கோதுமை உண்டு, கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

எண்பது வயதுத் தாத்தாவைத் தட்டோடு வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பெரியவர்களை உட்கார வைத்து முதலில் பரிமாறி, குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டு, பிறகு மேசையைத் திறக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே தடவை மேசைக்குக் கொண்டு வராமல் பாதிப் பாதியாக வையுங்கள். தயிர்சாதமும் தயிர்வடையும் மறுபாதி ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். தீர்ந்த பாத்திரத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாத்திரம் வைக்க வேண்டும், பழசின் மேலேயே புதுசைக் கொட்டக் கூடாது. காணும் பொங்கலன்று சென்னையில் மெரினாப் பக்கச் சாலைகள் நெரியும், இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்கிற குடும்பம் ஒன்று நிச்சயம் இருக்கும். அவர்களுக்குரியதை முதலிலேயே எடுத்து, குளிர வேண்டியதை ஃப்ரிட்ஜிலும் சூடாக வேண்டியதை ஹாட்பாக்ஸிலும் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேசையில் மிஞ்சிய தயிர்வடையையும் தயிர்சாதத்தையும் யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜைவிட்டு வெளியே வராத பாதியை அன்று இரவே சாப்பிடலாம். புளியோதரை, அசோகா, அப்பளம் ஆகியவைதான் ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப ஏற்றவை. அதற்காக இருபது டப்பா முன்பே வாங்கி வைத்திருங்கள். புளியோதரையையும் இரவுச் சாப்பாட்டுக்குள் தீர்த்துவிடச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஜாடியில் புளிக்காய்ச்சல் மிச்சம் இருந்தால் ஈரக் கரண்டி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சில வாரம் வரும்.